“என்ன எழுதியிருக்குன்னு கேளு!”

(பட்டிமன்றத் தலைப்பு: மக்கள் மனத்தை அசைப்பது அரங்கத்துக்குள் இருக்கும் கலையா, வீதிக்கு வந்த கலையா? ‘வீதிக்கு வந்த கலையே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய நண்பர்களே, இந்தக் கோயில் திடலில் பாய் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். வீதியில் நடப்பது கோஷம், அதில் கலைநயம் கிடையாது என்றார். இருபது நிமிஷ நாடகமும் மழையில் கரைகிற சுவர் ஓவியமும் நிலைக்காது, காலம் தாண்டி நிற்பது அரங்கமும் அருங்காட்சியகமும் காப்பாற்றிய கலைதான் என்றார். கடைசியாகச் சென்னைக் கண்ணகி நகரைக் காட்டி, சுவரில் வண்ணம் பூசினால் உள்ளே குடியிருப்பவரின் குறை தீருமா என்று கேட்டார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், கேள்விகள் நியாயமானவை. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்று.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூருக்குப் பக்கத்தில். 1991-இல் எனக்கு ஏழு வயது. ஒருநாள் பொழுது சாய்ந்து, களையெடுக்கப் போனவர்கள் வீடு திரும்பி அடுப்புப் பற்றவைக்கிற நேரம், மந்தையில் தப்பு, அதான் பறை, அடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்பத்தா பதறிப்போய் “யாரு, யாரு?” என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். போய்ப் பார்த்தால் ஏழெட்டுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை, திரை இல்லை, மைக் இல்லை. தெருவிளக்கு வெளிச்சம்தான். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்துக் கலைக்குழு. அப்பத்தாவுக்குக் கோபம். “சாவு மோளத்தை வச்சுக்கிட்டு என்னடி கூத்து” என்று திட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

நாடகம் ரொம்பச் சின்னது. ஒரு பெண் அவசரத்துக்கு இருநூறு ரூபாய் கடன் வாங்கப் போகிறாள். கொடுக்கிறவர் பத்திரத்தில் இரண்டாயிரம் என்று எழுதிக்கொண்டு கைநாட்டு வைக்கச் சொல்கிறார். அந்தப் பெண் பெருவிரலை மையில் தோய்த்துவிட்டாள். விரல் காகிதத்தை நெருங்குகிறது. கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “வைக்காதடி! என்ன எழுதியிருக்குன்னு கேளு மொதல்ல!”

கத்தியது என் அம்மா.

நடித்துக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தது. நாடகத்தில் இல்லாத வசனம் ஒன்றைப் பேசியது. “அக்கா, எனக்குப் படிக்கத் தெரியாதே. நீங்க வந்து வாசிச்சுச் சொல்றீங்களா?” என்று பத்திரத்தை நீட்டியது. அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. மந்தையில் அத்தனை பேரும் அவரையே பார்க்கிறார்கள். இடுப்பில் இருந்த எனக்கு அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அதே தெருவிளக்குக்குக் கீழே சிலேட்டோடு பதினோரு பெண்கள் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது அம்மா.

நடுவர் ஐயா, நான் சொல்ல வந்தது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். வீதிக் கலை என்றால் டிக்கெட் வாங்காமல் பார்க்கிற கலை என்று எதிரணி நினைக்கிறது. காசு வாங்காமல் காட்டுகிற அரங்கமும் உண்டு. அங்கே என் அம்மா இப்படிக் கத்தியிருந்தால் வாசலில் நிற்பவர் வந்து வெளியே அழைத்துப் போயிருப்பார். வீதியில் பார்க்கிறவர் நடுவே புகுந்து பேசலாம். கலை நின்று கேட்கும். கேட்டுவிட்டு அவரிடமே திருப்பி ஒரு கேள்வியும் போடும். அந்தக் கேள்விக்கு அம்மா சிலேட்டில் பதில் எழுதினார்.

என் அம்மா ஒருத்தரோடு நின்ற கதை இல்லை இது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அறிவொளியின் ஒரு பாடமாகவே சேர்த்தார். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிளில் கல்லுடைக்கும் பெண்களும் நடவுப் பெண்களும் செவிலியர்களும் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அதுவே வசதி என்றார்கள். நானும் அந்தப் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் கலைக்குழுவே சாதித்தது என்று சொன்னால் அது பொய். ஆட்சியர் இருந்தார், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இருந்தார்கள், கூலி வேலை முடித்துவந்து கண் சொக்கச் சொக்க எழுதிய பெண்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் வாசலைத் தாண்டி முதல்முதலாக வெளியே வந்து நின்றது எதைப் பார்க்க என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, கோஷம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கு ஒரு நினைவுச் சுவர் இருக்கிறது. 1981-இல் போட்டி வைத்தார்கள். 1,421 வடிவங்கள் வந்தன. தேர்வானது மாயா லின் என்ற மாணவி வரைந்தது. அவருக்கு அப்போது 21 வயது. குதிரை இல்லை, கொடி இல்லை, வாள் தூக்கிய வீரன் இல்லை. தரைக்குள் இறங்கிப் போகிற கறுப்புக் கருங்கல் சுவர். அதில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அகர வரிசையில்கூட இல்லை. இறந்த வரிசையில். போர் சரியா, தப்பா என்று அந்தச் சுவரில் ஒரு வார்த்தை கிடையாது. அவமானத்தின் கறுப்புக் கீறல் என்று அதைத் திட்டினார்கள். சமாதானத்துக்காக 1984-இல் பக்கத்திலேயே மூன்று வீரர்களின் சிலையையும் வைத்தார்கள்.

1982-இல் அது திறந்ததிலிருந்து என்ன நடக்கிறது தெரியுமா? வயதான தாய் வந்து மகன் பெயரைத் தேடுகிறாள். விரலால் தடவுகிறாள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் படியெடுத்து மடித்து எடுத்துப் போகிறாள். கல்லைக் கண்ணாடிபோல் இழைத்திருப்பதால் மகன் பெயருக்கு மேலேயே அவள் முகம் தெரிகிறது. படிக்கட்டு இல்லை, சாய்வான பாதை. காலை இழந்து திரும்பிய படையாள் சக்கர நாற்காலியிலேயே தன் தோழனின் பெயர் வரைக்கும் போகலாம். சுற்றுவேலி இல்லை, “தொடாதே” என்ற பலகை இல்லை. அருங்காட்சியகத்தில் ஓவியத்தைத் தொட்டால் ஓடிவருவார்கள். இங்கே தொட்டால்தான் அந்தக் கலையே நிறைவடைகிறது. இதில் கோஷம் எங்கே இருக்கிறது? ஒரு நாட்டின் போரை அதன் குடிமக்கள் எல்லாரும் ஒரே சுவர் முன்னால் நின்று நினைத்துப் பார்க்கிறார்கள். ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அங்கேதான் அழுகிறார்கள்.

அவ்வளவு தூரம் வேண்டாம், தப்புக்கு வருவோம். அப்பத்தா திட்டினாரே, சாவு மேளம் என்று? அந்தக் கருவியைச் சாவு வீட்டு வாசலிலேயே நிற்கவைத்தது சாதி. அதை அடிக்கிறவரைத் தெருவுக்குள் விடாததும் சாதி. சபைகளும் நெடுங்காலம் அதற்குக் கதவு திறக்கவில்லை. தெருமுனையிலும் போராட்டப் பந்தலிலும் கலைஇரவுகளிலும் பெண்களும் மாணவர்களும் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியபிறகுதான் ஊர் அதைக் காதுகொடுத்துக் கேட்டது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் அடிவகைகளை ஒருமுறை கேட்டுவிட்டு வந்து கலைநயம் இல்லை என்று சொல்லட்டும், நான் இந்த மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

அடுத்தது, நிலைக்காது என்பது. நடுவர் ஐயா, இதற்குப் பதிலாக ஒரு மனிதரைச் சொல்லவேண்டும். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சப்தர் ஹாஷ்மி. டெல்லிக்காரர். அவருடைய நாடகக் குழு ஜன நாட்ய மஞ்ச், 1973-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்களும் பெரிய மேடை, பெரிய நாடகம் என்றுதான் போட்டார்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு தொழிற்சங்கங்களிடம் அதற்குப் பணம் இல்லை. மேடையை மக்களிடம் தூக்கிப்போக முடியாது, மேடை வேண்டாத நாடகத்தைத் தூக்கிப்போவோம் என்று முடிவெடுத்தார்கள். 1978-இல் முதல் வீதி நாடகம். பதின்மூன்று நிமிஷம்தான். காஜியாபாத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டது இரண்டே இரண்டு: சைக்கிள் நிறுத்த ஒரு இடம், தேநீர் குடிக்க ஒரு கேன்டீன். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். அதுதான் கதை. நடிகர்கள் தங்கள் உடம்பையே சேர்த்து ஓர் இயந்திரமாக நிற்பார்கள். சக்கரமும் பல்லும் கையும் காலுமாகச் சுழல்வார்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது? கேட்கிற தொழிலாளிக்குப் பதில் தெரியும். அவன் கைதான் அந்த இயந்திரம்.

பத்து ஆண்டு கழித்து, 1989 ஜனவரி 1. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் ஜண்டாப்பூர் என்ற தொழிலாளர் குடியிருப்பு. நகராட்சித் தேர்தல் நேரம். வீதி நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. வேட்பாளர் ஒருவர் ஆட்களோடு வந்து வழிவிடச் சொல்கிறார். நாடகம் முடியட்டும், இல்லையென்றால் வேறு வழியாகப் போங்கள் என்கிறார்கள். இரும்புத் தடிகளால் தாக்குகிறார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்படுகிறார். மண்டை உடைந்த சப்தர் மறுநாள் மருத்துவமனையில் இறக்கிறார். வயது 34.

ஜனவரி 4. மூன்றே நாள். அவர் மனைவி மலயஸ்ரீ ஹாஷ்மி குழுவைக் கூட்டிக்கொண்டு அதே ஜண்டாப்பூருக்குப் போகிறார். இரத்தம் விழுந்த அதே இடம். பாதியில் நின்ற அதே நாடகம். ஆயிரக்கணக்கில் கூடிய மக்கள் நடுவே அதை முடித்துவிட்டு வருகிறார். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2003 வரை ஆயிற்று, பதினான்கு ஆண்டு. அந்தப் பதினான்கு ஆண்டும் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் குழு ஜண்டாப்பூருக்குப் போனது. இன்றைக்கும் போகிறது. சப்தரின் பிறந்தநாளான ஏப்ரல் 12 நாடு முழுக்க வீதி நாடக நாள்.

எதிரணி நண்பர்களே, எது நிலைக்கவில்லை என்கிறீர்கள்? ஒரு நாடகத்தைக் காப்பாற்றக் குளிர்சாதன அறை வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாள் முன்பு கணவனைப் பறிகொடுத்த பெண் அதைக் காப்பாற்றினார்.

கட்டடத்துக்குள் இருந்தால் பத்திரம் என்றும் சொன்னீர்கள். டியாகோ ரிவேரா என்ற மெக்சிகோ ஓவியர் 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்துக்குள் ஒரு பெரிய சுவர் ஓவியம் வரைந்தார். அதில் லெனின் முகம் இருந்தது. எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, 1934 பிப்ரவரியில் சுவரோடு சேர்த்து உடைத்துப் போட்டார்கள். கட்டடத்துக்காரர் சுவர், கட்டடத்துக்காரர் சுத்தியல். யாரைக் கேட்க வேண்டும்? ரிவேரா அதே ஆண்டு மெக்சிகோ நகரத்தில் அந்த ஓவியத்தை மறுபடி வரைந்தார், அது இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8-ஆம் தேதி இரவோடு இரவாக இடித்தார்கள். ரிவேராவின் சுவர் உடைந்தபோது அந்தக் கட்டடத்தில் அதற்காகப் பட்டினி கிடந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அதே நிர்வாகம் வந்து அடிக்கல் வைத்தது. அந்த ஆண்டே தூபி மறுபடி எழுந்தது. இத்தனை பேர் தங்களுடையது என்று நினைக்கிற ஒன்றை ஒரு ராத்திரியில் முடித்துவிட முடியாது.

கண்ணகி நகர். இந்தக் கேள்வியை மட்டும் நான் சுலபமாகத் தாண்டிப் போகமாட்டேன்.

2000-லிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த பல ஆயிரம் குடும்பங்களைப் பழைய மகாபலிபுரம் சாலையோரம் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வேலைக்குப் போன வீடுகள் தூரமாகிவிட்டன, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டது. ‘கண்ணகி நகர்’ என்று முகவரி சொன்னாலே வேலை தரத் தயங்குகிற நிலைமையும் வந்தது. 2020-இல் அந்தக் கட்டடங்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் மூன்று மாடி உயரத்துக்கு முகங்களையும் பறவைகளையும் தீட்டினார்கள். அழகாக இருக்கிறது. ஊரின் பெயரைக் கேட்டு ஒதுங்கியவர்கள் படம் பார்க்க வருகிறார்கள், அதையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் எதிரணித் தலைவர் சொன்னது சரி. அந்தப் படம் குடிநீர்க் குழாய் ஆகாது, பேருந்து ஆகாது.

என் அம்மாவை வைத்தே இதையும் அளக்கிறேன். அந்தக் குடியிருப்பில் இருக்கிற ஒரு பெண், ஓவியர் சாரத்தில் ஏறும்போதே, “இந்தப் படம் வேண்டாம், எங்களை இங்கே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த நாளை வரை” என்று சொல்ல முடிந்ததா? சொன்னால் அந்தத் தூரிகை நின்று கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் அது வீதிக் கலை. கேட்காத இடத்தில் எல்லாம் அது வெளிச்சுவரில் கொண்டுவந்து மாட்டிய அரங்கக் கலை, அந்தக் குறை உங்கள் அணியின் கணக்கில்தான் சேரும்.

கேட்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு சுவர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வெள்ள வடிகால் கால்வாய். வெறும் காங்கிரீட். அதில் ஜூடி பாகா என்ற பெண் ஓவியர் 1976-இல் தொடங்கிப் பல கோடை விடுமுறைகளில் வரைந்தார். தனியாக இல்லை. 400-க்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகளோடு. அவர்களில் பலர் காவல்துறையிடம் மாட்டி, சீர்திருத்தத்துக்கு என்று அனுப்பப்பட்டவர்கள். ஒரு தெருப் பையனும் அடுத்த தெருப் பையனும் பார்த்தால் வெட்டிக்கொள்வார்கள், அவர்களை ஒரே சாரத்தில் நிறுத்தினார். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துக் கதை கேட்டு, பள்ளிப் புத்தகத்தில் இல்லாததை எல்லாம் வரைந்தார்கள். முப்பதுகளில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி அனுப்பியது, உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளிக் குடிமக்களை முகாமில் அடைத்தது. சுவரின் நீளம் 2,754 அடி. நம் திடலிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தாலும் அவ்வளவு வராது. அந்தப் பையன்கள் இன்றைக்குத் தாத்தாக்கள். நான் வரைந்த துண்டு இது என்று பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

கண்ணகி நகருக்கு அப்படி ஒரு சுவர் வரவேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். கூவம் கரையிலிருந்து லாரியில் ஏறி வந்த பாட்டிமார் கதை சொல்லட்டும், அங்கே வளர்ந்த பிள்ளைகள் தூரிகை பிடிக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. அங்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் ஏதோ அவசரம் என்று நினைத்தேன். என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

பதினொன்று இல்லையாம். சிலேட்டோடு உட்கார்ந்தது பன்னிரண்டு பேராம். மறுவாரமே அப்பத்தாவும் வந்துவிட்டாராம், பேத்திக்குத் தெரியவேண்டாம் என்று நான் தூங்கின பிறகு.

சரிம்மா. பன்னிரண்டு. நடுவர் ஐயா, என் பேச்சில் அந்த எண்ணைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.